கல்லீரல் புற்றுநோய் அறுவை சிகிச்சையும் ரத்தத்தில் தெரியும் அழற்சிக் குறியீடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது எந்தக் கல்லீரல் புற்றுநோய்?

கல்லீரலின் சொந்தச் செல்களிலேயே தோன்றும் ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமா என்ற வகை. பெருங்குடலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ பரவி வந்து ஈரலில் தங்கிய கட்டிகளும், பித்தநாளங்களில் தோன்றும் புற்றுநோயும் வேறு நோய்கள். அவற்றுக்கும், ரத்தப் பரிசோதனை எண்களிலிருந்து கணக்கிடப்படும் இதே பெயருள்ள குறியீடுகளை வைத்துத் தனி ஆய்வுகள் நடந்துள்ளன என்பதால், இணையத்தில் கிடைக்கும் எண்ணைப் பார்த்தவுடன் அது எந்த நோய்க்கு உரியது என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கட்டியை முழுவதும் வெட்டி எடுத்த பிறகு முன்கணிப்பு எதற்கு?

இந்த நோய் மீண்டும் வரும் சுபாவம் கொண்டது. அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்கு ஈரலில் மறுபடியும் கட்டி தோன்றக்கூடும். மறுவரவில் இரண்டு வகை உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வருவது, பெரும்பாலும், அறுவைக்கு முன்பே பழைய கட்டியிலிருந்து பிரிந்து ஈரலுக்குள் சிதறிவிட்ட செல்களிலிருந்து வளர்வது. அதற்குப் பின் வருவது பல நேரங்களில் முற்றிலும் புதிய கட்டி; ஹெபடைட்டிஸ் வைரஸாலோ மதுவாலோ கொழுப்பாலோ கெட்டுப்போன அதே ஈரலில் புதிதாக முளைத்தது. முதலாவது விதையின் கோளாறு, இரண்டாவது நிலத்தின் கோளாறு. அழற்சிக் குறியீடு உயர்ந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால், இவ்விரண்டில் எதைப் பற்றி அது பேசுகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. பெரும்பாலான ஆய்வுகள் இரண்டையும் கலந்தே எண்ணியிருக்கின்றன.

அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் என்ன உறவு?

1863ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் நோய்க்கூற்றியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ, கட்டிகளுக்குள் வெள்ளை அணுக்கள் குடியிருப்பதைக் கவனித்து, நாட்பட்ட அழற்சி உள்ள இடத்தில் புற்றுநோய் தோன்றுகிறது என்ற கருத்தை முன்வைத்தார். கல்லீரல் புற்றுநோய் அந்தக் கருத்துக்குக் கிட்டத்தட்ட பாடநூல் உதாரணம். பல ஆண்டுகள் வைரஸோ மதுவோ ஈரல் செல்களைக் கொன்றுகொண்டே இருக்க, மிச்சமுள்ள செல்கள் ஓயாமல் பிரிந்து ஈடுகட்ட, இடையிடையே வடுத்திசு படிய, அந்தக் குழப்பத்தில்தான் கட்டி பிறக்கிறது.

கட்டி வளர்ந்த பிறகு அது உடலின் அணுக்களைத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்கள் புதிய ரத்தநாளங்களை வளர்க்கும் பொருள்களைச் சுரக்கின்றன. தங்கள் டிஎன்ஏ இழைகளையே வலைபோல வெளியே விரித்து, ரத்தத்தில் அலையும் புற்றுச் செல்கள் ஒட்டிக்கொள்ள இடம் தருகின்றன. தட்டணுக்கள் அந்தச் செல்களைப் போர்த்திப் பாதுகாக்கின்றன. மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் கட்டிக்குள் நுழைந்து மாக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு அணுக்களாக மாறி, பல நேரங்களில் கட்டியின் பக்கமே சாய்ந்துவிடுகின்றன. எதிர்த்துப் போரிட வேண்டிய வெள்ளை அணுக்களான லிம்போசைட்டுகளின் எண்ணிக்கை குறைகிறது. ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும் இந்தச் சாய்வை ஒரே எண்ணில் பிடிக்கும் முயற்சிதான் இந்த விகிதங்கள்.

எந்தெந்தக் குறியீடுகள் புழக்கத்தில் உள்ளன?

அதிகம் பேசப்படுவது என்எல்ஆர், அதாவது நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்து வருவது. தட்டணுவை லிம்போசைட்டால் வகுத்தால் பிஎல்ஆர். லிம்போசைட்டை மோனோசைட்டால் வகுத்தால் எல்எம்ஆர், இந்த மூன்று விகிதங்களில் இது மட்டும் குறைவாக இருந்தால் கெடுதி. தட்டணுவையும் நியூட்ரோஃபிலையும் பெருக்கி லிம்போசைட்டால் வகுப்பது எஸ்ஐஐ. இதை 2014இல் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழக ஜோங்ஷான் மருத்துவமனைக் குழுவினர் கல்லீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்றவர்களிடம்தான் முதலில் முன்வைத்தார்கள். 133 பேரின் பழைய பதிவுகளில் உருவாக்கி, பின்னர் 123 பேரிடம் முன்னோக்கிச் சரிபார்த்த குறியீடு அது.

புரதங்களைச் சார்ந்தவை வேறு. 2003இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் உருவான மதிப்பெண் முறை, அழற்சியின்போது ஏறும் சிஆர்பி என்ற புரதம் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதையும் அல்புமின் என்ற ரத்தப் புரதம் லிட்டருக்கு 35 கிராமுக்குக் கீழே இறங்குவதையும் சேர்த்து 0, 1, 2 என்று தருகிறது. ஜப்பானில் 1984இல் ஓனோதெரா வகுத்த பிஎன்ஐ என்ற குறியீடு, உண்மையில் ஊட்டநிலையை அளக்கத் தோன்றியது. அல்புமினும் லிம்போசைட்டும் அதில் இருப்பதால் அழற்சிப் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது.

என் சிபிசி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) தாளை வைத்து நானே கணக்கிட முடியுமா?

முடியும், பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு தாளில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: மொத்த வெள்ளை அணுக்கள் 7,200, நியூட்ரோஃபில் 68 சதவீதம், லிம்போசைட் 22 சதவீதம், மோனோசைட் 7 சதவீதம், இயோசினோஃபில் 3 சதவீதம், தட்டணுக்கள் 1,85,000. 68ஐ 22ஆல் வகுத்தால் என்எல்ஆர் 3.09. இதற்கு மொத்த எண்ணிக்கைகூடத் தேவையில்லை. எல்எம்ஆர் 22ஐ 7ஆல் வகுக்க 3.14. லிம்போசைட்டின் உண்மையான எண்ணிக்கை 7,200இல் 22 சதவீதம், அதாவது 1,584. எனவே பிஎல்ஆர் 1,85,000ஐ 1,584ஆல் வகுக்க ஏறத்தாழ 117. எஸ்ஐஐக்குத் தட்டணுவை ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொள்வது வழக்கம்: 185ஐ 3.09ஆல் பெருக்க ஏறத்தாழ 572. அல்புமின் டெசிலிட்டருக்கு 3.8 கிராம் என்றால், அதைப் பத்தால் பெருக்கி 38, லிம்போசைட்டை 0.005ஆல் பெருக்கி 7.9, இரண்டும் சேர்ந்து பிஎன்ஐ 45.9.

ஒரு சிறு எச்சரிக்கை. சில ஆய்வகங்களில் வெள்ளை அணு வகைகளை இன்னும் கண்ணாடிச் சில்லில் நூறு அணுக்களைக் கையால் எண்ணித்தான் எழுதுகிறார்கள். நூறில் லிம்போசைட் 22 என்பது மறுமுறை எண்ணும்போது 19 ஆகவோ 25 ஆகவோ வருவது இயல்பு. மற்றவை மாறாமல் இருந்தாலும் இந்த ஒரு வேறுபாட்டால் என்எல்ஆர் 3.6க்கும் 2.7க்கும் இடையே ஊசலாடும். தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கத்தைக் கண்டு உறக்கம் கெடுவதற்கு அங்கே அடிப்படை இல்லை.

அப்படியானால் 3.09 என்பது அதிகமா?

யாருடைய அளவுகோலை எடுப்பது என்பதைப் பொறுத்தது. ஆரோக்கியமான பெரியவர்களிடம் என்எல்ஆர் பொதுவாக 1க்கும் 3க்கும் இடையில் இருக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் குழுவினர் 2008இல் ஈரல் அறுவை சிகிச்சை பெற்றவர்களைப் பற்றி எழுதியபோது 5ஐ எல்லையாக வைத்தார்கள். நியூயார்க்கில் கல்லீரல் மாற்று சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய 2009 ஆய்விலும் 5தான். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தினர் 2013இல் 958 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2.81 என்ற எல்லையைக் கண்டார்கள். மேற்சொன்ன 3.09 கியூஷுவில் ஆபத்துப் பக்கம், லீட்ஸில் பாதுகாப்புப் பக்கம்.

இந்த வேறுபாடு யாருடைய பிழையும் அல்ல. ஆனால் இது எப்படி நேர்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எல்லை எண்ணைப் பெரும்பாலும் அந்தந்த ஆய்வின் நோயாளிகளிடமிருந்தே, இரு கூட்டங்களையும் அதிகம் பிரித்துக்காட்டும் புள்ளி எது என்று தேடி எடுக்கிறார்கள். தன் வகுப்பு மாணவரின் விடைத்தாளைப் பார்த்த பிறகு தேர்ச்சி மதிப்பெண்ணை நிர்ணயிப்பது போன்றது அது. அந்த வகுப்பில் கச்சிதமாகப் பொருந்தும், அடுத்த வகுப்பில் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை.

கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களிடம் இந்த எண்கள் செல்லுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மற்றப் புற்றுநோய்களில் கட்டி ஓர் உறுப்பில் இருக்கும், ரத்தம் அதைப் பற்றிச் செய்தி சொல்லும். இங்கே கட்டி இருக்கும் உறுப்பே ரத்தத்தின் எண்களைத் தீர்மானிக்கும் உறுப்புகளில் ஒன்று. அதுவும் பழுதுபட்ட உறுப்பு.

ஈரல் சுருங்கி இறுகும்போது, குடலிலிருந்து அதற்குள் வரும் போர்ட்டல் ரத்தநாளத்தில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் மண்ணீரல் வீங்கி, ரத்த அணுக்களைத் தனக்குள் தேக்கிவைத்துக்கொள்கிறது. டெங்குக் காலத்தில் நம் எல்லோருக்கும் பழகிப்போன தட்டணு எண்ணிக்கைதான் அதில் முதலில் சரிவது. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் துரோம்போபொய்டின் என்ற இயக்குநீரை முக்கியமாகச் சுரப்பதும் ஈரல்தான் என்பதால், அந்தப் பக்கமும் வரத்துக் குறைகிறது.

முன்பு பார்த்த அதே தாளை எடுங்கள். எல்லாம் அப்படியே இருக்க, மண்ணீரல் வீங்கித் தட்டணு மட்டும் 70,000க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். எஸ்ஐஐ 572இலிருந்து 216க்கு இறங்கிவிடும். ஷாங்காய்க் குழுவினர் வைத்த எல்லை 330. அதாவது, முதலில் ஆபத்துக் கூட்டத்தில் இருந்த நபர், ஈரல் மேலும் கெட்டுப்போனதால், தாளில் நல்ல கூட்டத்துக்கு வந்துவிட்டார்! அவருடைய உண்மையான நிலையோ நேரெதிர்: போர்ட்டல் அழுத்தம் ஏறியவருக்கு அறுவையே அதிக ஆபத்தானது, மிச்ச ஈரலில் புதுக் கட்டி முளைக்கும் வாய்ப்பும் கூடுதல். தட்டணு சேர்ந்த எந்தக் குறியீட்டையும் சுருக்கம் முற்றியவரிடம் அப்படியே நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. என்எல்ஆர் இதில் ஓரளவு தப்பிக்கிறது, ஏனென்றால் வீங்கிய மண்ணீரல் நியூட்ரோஃபில், லிம்போசைட் இரண்டையுமே தேக்குகிறது. ஆனால் ஒரே அளவில் தேக்கும் என்று சொல்வதற்கில்லை.

சிஆர்பியும் அல்புமினும் இந்தச் சிக்கலிலிருந்து தப்புமா?

தப்பாது, இரண்டையும் தயாரிப்பது ஈரல்தான். சிஆர்பி, இன்டர்லூகின் 6 என்ற சமிக்ஞை வந்ததும் ஈரல் செல்கள் அவசரமாகச் சுரக்கும் புரதம். அதன் அரையாயுள் சுமார் 19 மணி நேரம் என்பதால் விரைவாக ஏறும், காரணம் நீங்கினால் விரைவாக இறங்கும். அல்புமினுக்கு ஏறக்குறைய மூன்று வாரம். அல்புமின் குறைந்திருப்பது அழற்சியாலா, ஈரலின் தளர்ச்சியாலா, பல மாதங்களாகச் சரியாகச் சாப்பிடாததாலா என்று அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பிரிக்க இயலாது. ஈரலின் வேலைத்திறனைத்தான் அளக்க வேண்டும் என்றால், மஞ்சள் காமாலையில் கூடும் நிறமியான பிலிரூபினையும் அல்புமினையும் சேர்த்து 2015இல் வெளியான அல்பி மதிப்பெண் அதற்கென்றே செய்யப்பட்டது. நம் உதாரண நபரின் பிலிரூபின் 1.0 என்றால் அவருடைய அல்பி மதிப்பு ஏறத்தாழ −2.42, அது இரண்டாம் தரம். அல்புமின் 3.8 என்பது பல ஆய்வகத் தாள்களில் இயல்பு என்றே அச்சாகும் அளவு என்பதைக் கவனியுங்கள்.

எப்போது எடுத்த ரத்தத்தைக் கணக்கில் கொள்வது?

அறுவைக்கு முன், முடிந்தவரை அதற்கு முந்தைய ஒரு வாரத்துக்குள், காய்ச்சலோ வேறு தொற்றோ இல்லாத நாளில் எடுத்தது. சொத்தைப் பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று, சளிக்காய்ச்சல் எதுவாக இருந்தாலும் நியூட்ரோஃபில் 80க்கு ஏறி லிம்போசைட் 12க்கு இறங்கிவிடலாம், என்எல்ஆர் 6.7 ஆகிவிடும், கட்டிக்கு அதில் சம்பந்தமே இருக்காது. டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் நியூட்ரோஃபிலை உயர்த்தி லிம்போசைட்டைக் குறைப்பவை. ஆகவே மூச்சிறைப்புக்காகவோ மூட்டுவலிக்காகவோ ஸ்டீராய்டு எடுப்பவர் அதைச் சொல்லாமல் இருந்தால் கணக்கே தவறிவிடும். கட்டிக்குச் செல்லும் ரத்தநாளத்தை அடைக்கும் சிகிச்சையை அறுவைக்கு முன் பெற்றவர்களுக்கும் சில நாள்கள் அழற்சி எண்கள் உயர்ந்தே இருக்கும்.

எண் கூடுதலாக இருந்தால் நோய் நிச்சயம் திரும்புமா?

இல்லை. என்எல்ஆர் உயர்ந்தவர்களின் கூட்டம், தாழ்ந்தவர்களின் கூட்டத்தைவிடச் சராசரியாக மோசமாக இருந்தது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. அதில் ஐயம் கொள்ள எனக்குக் காரணம் இல்லை. கியூஷு ஆய்வில், என்எல்ஆர் உயர்ந்தவர்களின் கட்டிகளில் மாக்ரோஃபேஜ்கள் மிகுந்திருந்ததையும் காட்டினார்கள், ஆகவே அது வெறும் எண் விளையாட்டு அல்ல. ஆனால் கூட்டத்தின் சராசரி தனி நபரின் ஜாதகம் ஆகாது. கணக்குக்காக, தாழ்ந்த கூட்டத்தில் நூற்றில் 30 பேருக்கும் உயர்ந்த கூட்டத்தில் நூற்றில் 50 பேருக்கும் இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியலில் அது பெரிய வேறுபாடு, எந்த மருத்துவ இதழும் வெளியிடும். ஆயினும் உயர்ந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு நோய் திரும்பவில்லை, தாழ்ந்த கூட்டத்தில் 30 பேருக்குத் திரும்பிவிட்டது. கதவுக்கு வெளியே காத்திருக்கும் ஒருவர் எந்தப் பாதியில் இருக்கிறார் என்பதை அந்த எண் சொல்லாது.

இவ்வளவு ஆய்வுகள் இருந்தும் சிகிச்சை வழிகாட்டுதல்களில் ஏன் இடம் இல்லை?

1999இல் பார்சிலோனாவில் உருவாகிப் பலமுறை திருத்தப்பட்ட நிலைவகுப்பு, கட்டியின் அளவு, எண்ணிக்கை, ரத்தநாளங்களுக்குள் நுழைந்ததா இல்லையா, ஈரலின் திறன், நோயாளியின் அன்றாட நடமாட்டம் ஆகியவற்றைக் கொண்டு சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. அந்தப் பட்டியலுக்குள் நுழைய ஒரு குறியீடு, ஏற்கெனவே தெரிந்தவற்றுக்கு மேல் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும், அந்தச் செய்தியால் சிகிச்சை மாறி நோயாளிக்கு நன்மை விளைந்ததாகவும் காட்ட வேண்டும். அழற்சி ஆய்வுகளில் பெரும்பாலானவை பழைய பதிவுகளைப் புரட்டிச் செய்தவை. பெரிய கட்டி உள்ளவரிடம் என்எல்ஆரும் உயர்ந்திருக்கும் என்பதால் இரண்டின் பங்கையும் பிரிப்பது கடினம். சீன ஆய்வுகளில் பெரும்பாலோர் ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள், பழைய ஜப்பானிய ஆய்வுகளில் ஹெபடைட்டிஸ் சி. மதுவும் சர்க்கரை நோயும் கொழுப்பு ஈரலும் காரணமாக வரும் நோயாளிகளிடம் அதே எல்லைகள் பொருந்துமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். உடல்பருமனும் சர்க்கரையும் தம்மளவிலேயே அழற்சி எண்களை உயர்த்துபவை.

அறுவைக்குப் பிறகு எண் ஏறினால் பயப்பட வேண்டுமா?

முதல் சில நாள்களில் ஏறுவதுதான் இயல்பு. வயிற்றைத் திறந்து ஈரலை வெட்டியதற்கு உடல் தரும் பதில் அது. சொல்லப்போனால், பெரிய அளவில் ஈரலை அகற்றியவரிடம் சிஆர்பி போதிய அளவு ஏறாமல் இருப்பதுதான் அறுவை மருத்துவரைக் கவலைப்பட வைக்கும், மிச்ச ஈரல் புரதம் சுரக்கத் திணறுகிறதோ என்று. ஏறியது இறங்கி வந்து, பிறகு மறுபடி ஏறினால் பித்தக் கசிவு, சீழ், நுரையீரல் தொற்று ஆகியவற்றைத் தேடுவார்கள். புற்றுநோயை அந்தக் கட்டத்தில் யாரும் தேடமாட்டார்கள்.

மஞ்சள், கீழாநெல்லி போன்றவற்றால் அழற்சியைக் குறைத்தால் நோய் திரும்பாதா?

என்எல்ஆரை இறக்கியதால் கல்லீரல் புற்றுநோய் திரும்புவது குறைந்தது என்று எந்த மூலிகையும் நிரூபிக்கவில்லை. காய்ச்சல்மானியைத் தண்ணீரில் நனைப்பதால் காய்ச்சல் போவதில்லை. சமையலில் போடும் மஞ்சளுக்குத் தடை இல்லை. உறிஞ்சலைக் கூட்ட மிளகுச் சத்துடன் மாத்திரையாக விற்கப்படும் மஞ்சள் செறிவு ஈரலைக் கடுமையாகப் பாதித்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. கீழாநெல்லி, ஹெபடைட்டிஸ் பி வைரஸை நீக்குகிறது என்று 1988இல் சென்னையிலிருந்து வெளியான ஆய்வு உலகக் கவனம் பெற்றது. அடுத்தடுத்து நடந்த ஆய்வுகளில் அந்த அளவு பலன் தென்படவில்லை. ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கு நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைப்பதாகக் காணப்பட்டிருப்பவை என்டெகாவிர், டெனோஃபோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள். அவற்றை நிறுத்திவிட்டு மூலிகைக்குப் போவதுதான் இதில் பெரிய ஆபத்து.

எண் உயர்ந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் கூடுதல் மருந்து தரலாம் அல்லவா?

தர எண்ணிய மருந்துகளே இன்னும் தேறவில்லை. 1,114 பேரிடம் சோராஃபெனிப் மாத்திரையைச் சோதித்த ஆய்வு 2015இல் வெளியானது. நோய் திரும்புவது குறையவில்லை. அடெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரு ஊசி மருந்துகளின் கூட்டணி, ஆபத்து கூடிய 668 பேரிடம் 2023இல் முதலில் நம்பிக்கை தந்தது. 2024இல் நீண்ட காலக் கணக்கு வந்தபோது அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. அந்த ஆய்வில்கூட ஆபத்து கூடியவர் யார் என்பதைக் கட்டியின் அளவு, எண்ணிக்கை, ரத்தநாள ஊடுருவல், செல்களின் தரம் ஆகியவற்றால்தான் தேர்ந்தார்கள். இன்றைய நிலையில் உயர்ந்த என்எல்ஆர் செய்யக்கூடிய நியாயமான வேலை ஒன்று: முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சிடி அல்லது எம்ஆர்ஐயையும், ஏஎஃப்பி என்ற கட்டிக் குறியீட்டுக்கான ரத்தப் பரிசோதனையையும் ஒருமுறைகூடத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது. தாழ்ந்த எண் உள்ளவருக்கும் அதே அட்டவணைதான்.

என்எல்ஆர் 1.8தான்; ஆனால் திசுப் பரிசோதனையில் நுண் ரத்தநாள ஊடுருவல் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். எதை நம்புவது?

திசுப் பரிசோதனையை. நுண் ரத்தநாள ஊடுருவல் என்றால், வெட்டி எடுத்த ஈரல் துண்டை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி நுண்நோக்கியில் பார்த்தபோது, கட்டியைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு நாளம் ஒன்றுக்குள் புற்றுச் செல்களின் கொத்து கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள். அறுவைக்கு முன் எந்த ஸ்கேனும் அதை உறுதியாகக் காட்டுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ரத்தக் குறியீடுகளை நாடினார்கள். அறுவை முடிந்து துண்டு மேசைக்கு வந்துவிட்ட பிறகு, 1.8 என்ற எண் அந்தக் கொத்தை அங்கிருந்து அகற்றிவிடாது.